108-ல் சேர வழி உண்டு, மேலே ஏறத்தான் படி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடித்த மாணவர்களுக்கான மேற்படிப்பு வழிகாட்டியைத் தங்கள் இதழில் படித்தேன். மருத்துவம், பொறியியல், சட்டம் தொடங்கி ஹோட்டல் நிர்வாகம்வரை விரிவாக எழுதியிருந்தீர்கள். ஆம்புலன்ஸ், அவசர மருத்துவ சேவை பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன். நீட்டில் இடம் கிடைக்காமல், "இனி என்ன டீச்சர் படிக்கிறது?" என்று வந்து நிற்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அந்த எண் தெரியாத வீடு இன்று இல்லை. ஆனால் அந்த வண்டிக்குள் இருப்பவர் என்ன படித்தார், எப்படி அந்த வேலைக்கு வந்தார் என்று கேட்டால் பெற்றோருக்கும் தெரியாது, பல ஆசிரியர்களுக்கும் தெரியாது. வண்டியில் இருவர் இருப்பார்கள். ஒருவர் மருத்துவ உதவியாளர், மற்றவர் ஓட்டுநர். மருத்துவ உதவியாளராக பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். ஆகிய செவிலியர் படிப்புகளோ, டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக டிப்ளமாவோ படித்தவர்கள் சேரலாம். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் படித்த பட்டதாரிகளும் சேரலாம். வயது வழக்கமாக 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு இருக்கும். உடற்கூறியல், முதலுதவி பற்றிக் கேள்வி கேட்பார்கள். பிறகு நேர்முகம். தேர்வானால் 50 நாள் பயிற்சி. ஓட்டுநருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 24 முதல் 35 வரை இருக்க வேண்டும், உயரம் 162.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இலகுரக வாகன உரிமம் எடுத்து 3 ஆண்டும், பொது வாகனம் ஓட்டுவதற்கான பேட்ஜ் எடுத்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். அவர்களுக்கு 10 நாள் பயிற்சி. இரு பணிக்கும் 12 மணி நேர ஷிப்ட், பகலிலும் இருக்கும், இரவிலும் இருக்கும். எந்த மாவட்டத்தில் போட்டாலும் போக வேண்டும்.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்தால் பி.எட்., அதுவும் இல்லையென்றால் மருந்துக் கம்பெனி ரெப் வேலை, இவ்வளவுதான் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே பட்டத்தை வைத்து ஓர் உயிரைக் காக்கும் வேலைக்குப் போகலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது மலைக் கிராமங்களுக்குப் போய்வரும் 108 வண்டியில் மருத்துவ உதவியாளர். ஷிப்ட் மாறியதும் அவளுடைய முதல் வேலை வண்டியைச் சரிபார்ப்பது. ஆக்சிஜன் சிலிண்டரில் முள் எங்கே நிற்கிறது, சக்‌ஷன் மெஷின் சளியை இழுக்கிறதா, மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கில் காற்று கசிகிறதா, பிரசவ கிட் பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

மலைப் பாதையில் வலி முற்றிவிட்டால் ஆஸ்பத்திரிவரை காத்திருக்க முடியாது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டுவார். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டர் போனில் சொல்லச் சொல்ல இவள் பிரசவம் பார்ப்பாள், டவர் கிடைத்தால். இல்லாவிட்டால் படித்ததை நம்பித்தான் செய்ய வேண்டும். குழந்தை வந்ததும் ஈரம் துடைத்துத் தாயின் மேல் போட வேண்டும். தொப்புள்கொடியில் இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்ட வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் வேலை முடியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாயின் அடிவயிற்றில் கை வைத்தபடியே வருவாளாம். கருப்பை கெட்டியாகச் சுருங்கியிருந்தால் நிம்மதி. தொளதொளவென்று இருந்தால் ரத்தம் போகிறது என்று அர்த்தம். இதை அவள் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது வகுப்பே வாய் பேசாமல் கேட்டது.

அவளை நினைத்துத்தான் எனக்கு ஆதங்கம். இத்தனை ஆண்டு வேலை பார்த்த பிறகு, குழந்தை பிறந்ததும் இரவு ஷிப்ட் கஷ்டமாக இருக்கிறதே என்று ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை கேட்டிருக்கிறாள். "டிப்ளமா இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். மாரடைப்பு, பாம்புக்கடி, பூச்சிமருந்து, லாரி விபத்து என்று அவள் பார்த்ததெல்லாம் எந்தத் தாளிலும் ஏறவில்லை. சேர்ந்தபோது மருத்துவ உதவியாளர், இன்றும் மருத்துவ உதவியாளர்தான்.

2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்சார் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பரின் பெயர் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கென்று சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் துணை மருத்துவத் தொழிலர் என்று சொல்லிக்கொள்ள, குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பில் பெற்ற டிப்ளமாவோ பட்டமோ வேண்டும் என்கிறது அதே சட்டம். 50 நாள் பயிற்சியை நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்கிட்டால் 400 மணி நேரம். மீதியை இந்தப் பிள்ளைகள் வண்டியிலேயே பல மடங்கு படித்துவிட்டார்கள். அந்தப் படிப்பை எழுத்தில் கொண்டுவர வேண்டியது அரசின் கடமை.

முறையான படிப்பு தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்டு எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி என்ற பட்டப்படிப்பு இருக்கிறது. துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்து அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைக்கிறது. உயிரியல் பிரிவு மாணவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இதே பெயரைச் சாயலாக வைத்து ஆறு மாதச் சான்றிதழ் தருவதாகத் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். பணம் கட்டுமுன் அது எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இருவர் அப்படிப் பணத்தைத் தொலைத்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டப்படிப்பில் சில இடங்களை 108-ல் ஐந்தாண்டு பணி முடித்தவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அவர்களை நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்க்கலாம். செய்முறைப் பயிற்சியை அவர்கள் ஏறும் வண்டியிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் ஆம்புலன்ஸில் உதவியாளராகச் சேர்பவர், சம்பளம் வாங்கிக்கொண்டே அப்ரென்டிஸ் முறையில் பட்டம் படித்து பாராமெடிக், அதாவது தகுதி பெற்ற அவசர மருத்துவப் பணியாளர், ஆகிறார். அந்தத் தொழிலுக்கான பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அங்கே தன்னை பாராமெடிக் என்று சொல்லிக்கொண்டால் அது சட்டப்படி குற்றம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டத்தை 2021-ல் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அந்த 48 மணி நேரத்தின் முதல் அரை மணியைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பட்டம் படிக்க வழி செய்ய நம்மால் முடியாதா?

ஓட்டுநர்களையும் மறந்துவிடக் கூடாது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்குவதும், உதவியாளர் சோர்ந்துபோனால் நெஞ்சை அழுத்துவதும் அவர்கள்தான். விரும்புகிற ஓட்டுநர் பிளஸ் 2 எழுதி, படித்து, உதவியாளராக வரவும் ஒரு வழி திறக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாவட்டங்களில் நடக்கும் 108 ஆள்சேர்ப்பு முகாம் பற்றிய செய்தி உள்பக்கத்தில் நான்கு வரியாக, முகாமுக்கு ஓரிரு நாள் முன்புதான் எங்கள் கண்ணில் படுகிறது. மலையிலிருந்து இறங்கி வருபவருக்குச் சான்றிதழ் நகல் எடுக்கவே ஒரு நாள் போய்விடும். முகாம் தேதியும், கொண்டுபோக வேண்டிய சான்றிதழ்களின் விவரமும் ஒரு வாரம் முன்பே தங்கள் இதழில் வந்தால், அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
முதுகலை விலங்கியல் ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.