ஜெட்ஸ் ரசிகனுக்கு டெட்ராய்ட்டிலிருந்து ஒரு கடிதம்

நோவை, மிச்சிகன்
பிப்ரவரி 2026

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. கார்த்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வித்யா இந்த வார இறுதியில் போனில் பேசுவதாகச் சொன்னாள். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். பனிதான் இன்னும் விட்டபாடில்லை.

சரி, உன் அமெரிக்க ஃபுட்பால் அணி நியூயார்க் ஜெட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதைப் படித்தபோது மனசு கனத்துப்போனது. 3 வெற்றி, 14 தோல்வி. முழு சீசனிலும் எதிரணி வீசிய ஒரு பந்தைக்கூட இடைமறித்துப் பிடிக்கவில்லை. லீக் வரலாற்றில் வேறு எந்த அணிக்கும் இப்படி நடந்ததில்லை. 2010 சீசனுக்குப் பிறகு பிளே-ஆஃப் வாசலையே மிதிக்காத அணியை நீ இன்னும் விடாமல் பார்க்கிறாய். அந்த வலி எனக்குத் தெரியும். 2008-ல் எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்ற ஊர் இது.

ஆனால் நீ போட்டிருக்கும் திட்டத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. டிராஃப்டில், அதாவது போன சீசனில் மோசமாக ஆடிய அணியில் தொடங்கி வரிசையாகக் கல்லூரி வீரர்களை எடுக்கும் நிகழ்ச்சியில், கையிலிருக்கும் முதல் சுற்று இடங்களையெல்லாம் ரெய்டர்ஸ் அணியிடம் கொடுத்து, முதல் இடத்துக்கு ஏறி, குவாட்டர்பேக் (பந்து வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஃபெர்னாண்டோ மென்டோசாவை எடுக்க வேண்டும். ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரர்களை வாங்கும் காலம், திறந்ததும் பணத்தைக் கொட்ட வேண்டும். கோச் ஆரன் க்ளென்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறாய். ரெய்டர்ஸ் அந்த இடத்தை விற்பார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். விற்றாலும் வாங்கக் கூடாது என்பேன்.

ஏன் என்று கேட்டால், போன வாரம் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்த குவாட்டர்பேக் யார் என்று பார். சாம் டார்னால்ட். 2018-ல் உங்கள் அணி 3-வது இடத்தில் எடுத்த பையன். மூன்று வருஷம் முன்னால் நின்று காக்கும் சரியான வரிசை இல்லாமல் அடி வாங்கவிட்டு, 2021-ல் கரோலினாவுக்கு அனுப்பிவிட்டு, அவர் இடத்துக்கு 2-வது இடத்தில் சாக் வில்சனை எடுத்தீர்கள். அதுவும் நிலைக்கவில்லை. அதற்கு முன்பு ஜீனோ ஸ்மித்துக்கும் இதே கதைதான். அவரும் சியாட்டில் போய்த்தான் தலையெடுத்தார். அப்புறம் 2023-ல் ஆரன் ராட்ஜர்ஸ். நாலாவது ஆட்ட நகர்விலேயே குதிகால் நரம்பு அறுந்துபோனது. அடுத்த சீசனில் 5 வெற்றி. அவரை அனுப்பிய பிறகும் 4.9 கோடி டாலர் அணியின் சம்பளக் கணக்கில் நிற்கிறது. அதில் பெரும்பகுதி இந்த வருஷம்தான் விழுகிறது. ஒவ்வொரு முறையும் முதலில் குவாட்டர்பேக்கைத் தேடினார்கள். அவர் நின்று பந்து வீச இடம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

நீ பேட்ரியட்ஸைக் காட்டுகிறாய். 2024-ல் 4 வெற்றி, மறு வருஷமே 14 வெற்றி, சூப்பர் பௌல் வரை போனார்கள், அதுவும் உங்கள் பிரிவிலேயே. உண்மைதான். ஃப்ரீ ஏஜென்சியில் பணத்தை அள்ளி இறைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் கோச் மைக் வ்ரேபல் பொறுப்பேற்றபோது டிரேக் மே அங்கே ஏற்கெனவே ஒரு சீசன் ஆடி முடித்திருந்தார். குவாட்டர்பேக் கிடைத்த பிறகு செலவு செய்வது வேறு, யார் என்று தெரியாமலே செலவு செய்வது வேறு. ஜெட்ஸ் போன மார்ச்சில் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு இரண்டு வருஷத்துக்கு 4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள், அதில் 3 கோடி உத்தரவாதம். நவம்பரில் அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்க் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். இப்போது சொல்கிறேன்.

2021 ஜனவரியில் ராம்ஸ் அணியில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த பிராட் ஹோம்ஸ் இங்கே ஜெனரல் மேனேஜராக வந்தார். கோச்சாக டேன் கேம்பல் வந்தார். அவருக்கு ஆறு வருஷ ஒப்பந்தம். வந்த சூட்டோடு குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை ராம்ஸுக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டு சீசன் இந்த ஊருக்காக உடம்பைத் தேய்த்தவர். ஆபீஸில் பாதிப் பேர் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பதிலுக்கு வந்தது ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிய குவாட்டர்பேக் ஜேரட் காஃப், 2021-ன் ஒரு மூன்றாம் சுற்று இடம், 2022, 2023 இரண்டு வருஷத்தின் முதல் சுற்று இடங்கள்.

ஸ்டாஃபர்ட் போன முதல் சீசனிலேயே சூப்பர் பௌல் ஜெயித்துவிட்டார். அதனால் எங்களுக்கு வந்த 2022 இடம் 32-வதாகப் போனது, முதல் சுற்றின் கடைசி. ஹோம்ஸ் அதையும் இன்னும் இரண்டு இடங்களையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து, 12-வது இடத்துக்கு ஏறி ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தார். மறு வருஷம் ராம்ஸ் சரிந்து 5 வெற்றியோடு முடித்தது. அவர்கள் இடம் 6-வதாக உயர்ந்தது. அந்த 6-ல் ஒரு பெரிய பெயரை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அரிஸோனாவிடம் கொடுத்துவிட்டு 12-வது, 34-வது இடங்களுக்கு இறங்கினார். 12-ல் ஜமீர் கிப்ஸ், 34-ல் சாம் லபோர்ட்டா. முதல் சுற்றில் கிப்ஸ் மாதிரி பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கா என்று டிவியில் எல்லோரும் கை கொட்டினார்கள். அடுத்த சீசனில் அந்த இருவரும் ஓடியதைப் பார்த்தாயே.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் தெரியுமா? உங்கள் கையில் இப்போது இருப்பது கிட்டத்தட்ட அதே சொத்து. நவம்பரில் உங்கள் தடுப்பாட்ட (எதிரணியை மடக்கும் பக்கம்) நட்சத்திரங்களான சாஸ் கார்ட்னரை இண்டியனாபொலிஸுக்கும் க்வின்னன் வில்லியம்ஸை டாலஸுக்கும் கொடுத்தபோது நீ கொதித்துப்போய் எனக்கு மெசேஜ் அனுப்பினாய். ஜூலையில்தான் கார்ட்னருக்குப் புது ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், உன் கோபம் நியாயம். ஆனால் சொந்த இடங்களோடு சேர்த்து இப்போது கையில் இருப்பதைப் பார். இந்த வருஷம் இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று. 2027-ல் மூன்று முதல் சுற்று. கார்ட்னரைக் கொடுத்த அன்றைக்கு இண்டியனாபொலிஸின் கோல்ட்ஸ் அணி 7 வெற்றி, 2 தோல்வி என்று நின்றது. அப்புறம் அவர்கள் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்குக் குதிகால் நரம்பு போய், 8-9 என்று முடித்தது. இருபதுகளின் கடைசியில் வரும் என்று நினைத்த இடம் நடுவுக்கு ஏறிவிட்டது. ராம்ஸ் சரிந்தபோது எங்களுக்கு அடித்த அதிர்ஷ்டம்தான் இது. இதை ஒரே ஆளுக்காக ஒரே நாளில் தீர்த்துவிடாதே.

நான் மேனேஜர் டேரன் மூகியின் இடத்தில் இருந்தால் 2-வது இடத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் தடுப்பாட்ட வீரர் ஆர்வெல் ரீஸை எடுப்பேன். இடைமறிப்பே இல்லாத அணிக்கு பின்னால் நின்று பந்தை மறிக்கும் ஒரு நல்ல சேஃப்ட்டி வேண்டும் என்பாய், கேலப் டௌன்ஸ் கண்ணில் படுவார். ஆனால் எதிரணி குவாட்டர்பேக்குக்குப் பந்தைப் பிடித்து நிற்க நேரமே கொடுக்காவிட்டால்தான் அவர் தப்பாக வீசுவார். பின்னால் நிற்பவர்களுக்கும் வாய்ப்பு வரும். கோல்ட்ஸ் இடத்தில் காரட் வில்சனுக்குத் துணையாக, வீசும் பந்தைப் பிடிக்க இன்னொரு ரிசீவர். இரண்டாம் சுற்றின் இரண்டு இடங்களையும் தடுப்பாட்டத்துக்கே கொடுப்பேன், ஒன்று க்வின்னன் விட்டுப்போன நடுப் பகுதிக்கு. குவாட்டர்பேக்குக்கு அனுபவமுள்ள ஒருவரை ஒரு வருஷத்துக்குப் பெரிய தொகை இல்லாமல் எடுத்தால் போதும். கல்லூரி குவாட்டர்பேக்குகளில் டான்டே மூர் ஒரேகனுக்கே திரும்பிவிட்டார், ஆர்ச் மேனிங்கும் டெக்ஸஸிலேயே இருக்கிறார். அடுத்த வருஷம் மூன்று முதல் சுற்று இடங்களோடு போய் நின்றால் பேரம் பேச உங்களைவிட வசதியான ஆள் யாரும் இருக்க மாட்டார்கள்.

உங்கள் ரன்னிங் பேக் பிரீஸ் ஹால் விஷயம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்த அணியில் மனசார ஆடுகிற ஒருவர். ஒப்பந்தம் முடிகிறது. நியாயமான தொகைக்கு ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள்ள வேண்டும், விலை ஏறினால் விட்டுவிட வேண்டும். இங்கே 2021-ல் கிரீன் பே அணியிலிருந்து ஜமால் வில்லியம்ஸை சின்ன ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். 2022-ல் அவர் 17 முறை பந்தோடு ஓடி டச்டவுன் அடித்து, பாரி சாண்டர்ஸின் அணி சாதனையையே தாண்டினார்.

நீ கவனிக்காமல் விடுகிற நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் இரண்டு முனையிலும் நிற்கும் டேக்கிள்கள் கிடைத்துவிட்டார்கள். 2024-ல் ஓலு ஃபஷானு, 2025-ல் ஆர்மண்ட் மெம்பூ. ஹோம்ஸ் இங்கே வந்தபோது டெய்லர் டெக்கரும் ஃபிராங்க் ராக்னோவும் முந்தைய நிர்வாகம் விட்டுப்போன சொத்தாக இருந்தார்கள். அவர் தன் முதல் டிராஃப்டில் 7-வது இடத்தில் எடுத்ததும் ஒரு டேக்கிளைத்தான், 20 வயது பெனே சூவல். காஃப் மறுபடி மனுஷனானது அந்த வரிசைக்குப் பின்னால் நின்றுதான்.

அதே டிராஃப்டில் நான்காம் சுற்றில் 112-வதாக வந்தவர் அமான்-ரா செயின்ட் பிரவுன். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்களை எடுத்தார்கள். அந்தப் பதினாறு பேரையும், எந்தக் கல்லூரி, எந்த அணி எடுத்தது என்பதோடு இன்றைக்கும் வரிசையாக ஒப்பிப்பார். பயிற்சி முடிந்த பிறகு இயந்திரம் வீசுகிற பந்துகளில் 202 பிடித்துவிட்டுத்தான் கிளம்புவார், சின்ன வயசிலிருந்து அப்பா போட்ட கணக்கு. 2021 டிசம்பர் 5-ம் தேதி, அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத லயன்ஸ், மினசோட்டாவுக்கு எதிராக 23-27 என்று பின்தங்கி நிற்கிறது. 4 வினாடி மீதி, நான்காவது முயற்சி, 11 கஜம். காஃப் வீசினார், இவர் எண்ட் ஸோனில் பிடித்தார், ஜெயித்தோம். அந்த சீசன் 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன் என்றுதான் முடிந்தது. ஆனால் யாரை வைத்துக் கட்டலாம் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஜெட்ஸ் இந்த வருஷம் எத்தனை ஜெயிக்கிறது என்பதைவிட, இப்படி இரண்டு மூன்று பேர் தெரிகிறார்களா என்று பார் முரளி.

க்ளென்னைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், அவர் இங்கே நான்கு சீசன் தடுப்பாட்டத்தை நடத்தியவர் என்பதால் எனக்கு அக்கறை உண்டு. 2022 அக்டோபரில் லயன்ஸ் 1-5. கேம்பலை அனுப்பு என்று ஊரே கத்தியது. உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹேம்ப் பயிற்சி மைதானத்துக்கே வந்து, பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, இவர்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, பொறுங்கள் என்றார். அடுத்த ஆட்டமும் தோல்வி. ஆனால் சீசன் முடிவில் 9-8. மறு வருஷம் 12 வெற்றி, 32 வருஷத்துக்குப் பிறகு முதல் பிளே-ஆஃப் வெற்றி, அதுவும் ஸ்டாஃபர்டின் ராம்ஸ் அணிக்கு எதிராக 24-23. 2024-ல் 15 வெற்றி. போன சீசனில் 9-8-ல் நின்று பிளே-ஆஃப் தவறியது வருத்தம்தான், இரண்டு முக்கிய உதவி கோச்சுகளும் போனது தாங்கவில்லை. அதில் ஒருவர்தான் இப்போது உங்களிடம் இருக்கிறார். முதல் வருஷத்தில் நட்சத்திரங்கள் இருவரையும் விற்றுவிட்டு அவரிடமே கணக்குக் கேட்பது நியாயமில்லை. இந்த சீசனும் அடுத்ததும் அவருக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தடுப்பாட்டம் தேறவில்லை என்றால் நானே உன் பக்கம் நிற்கிறேன்.

இந்த வருஷ டிராஃப்ட் ஏப்ரல் 23, வியாழக்கிழமை, பிட்ஸ்பர்கில் தொடங்குகிறது. உனக்கும் எனக்கும் நடுவில்தான் ஊர், காரிலேயே வந்துவிடலாம். 2024-ல் இங்கே டெட்ராய்ட்டில் நடந்தபோது மூன்று நாளில் 7 லட்சத்து 75 ஆயிரம் பேர் வந்தார்கள், அறை கிடைக்காமல் ஜனம் திண்டாடியது. அதனால் இப்போதே ஊருக்கு வெளியே ஒரு அறை போட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்றையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், உங்களுக்கு அன்றைக்கும் வேலை இருக்கிறது. கார்த்திக்கையும் கூட்டிக்கொண்டு வா. லீவு கிடைக்குமா என்று கேட்டு இந்த வாரத்துக்குள் எழுது. 2-வது இடத்துக்கு ரீஸ் வேண்டாம் என்றால் யார், ஏன் என்பதையும் சேர்த்து எழுது.

சுமதிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
சங்கர்