அத்தையின் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்குத் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதி நன்றி சொல்லிவிட்டோம். ஆனாலும் மனசு நிறைய எழுத வேண்டுமென்றால் எனக்குத் தமிழில்தான் முடிகிறது. இந்தத் தேடலில் கைகொடுத்தவர்களில் இரண்டு பேர் நம் ஆட்கள் என்பதால் அவர்களாவது இதை நேரடியாகப் படிப்பார்கள்.

என் கணவரின் அம்மாவுக்கு இப்போது 89 வயது. கல்யாணமான புதிதிலிருந்தே நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அவரும் முதல் வருடத்திலேயே அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸோரா என்ற பகுதி, அதில் எம்ப்ரோ என்ற சின்ன ஊர் அவருக்குப் பிறந்த வீடு. பிறந்த வீட்டுப் பெயர் மக்கே. நான் காரைக்குடிப் பக்கம். புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊர்?" என்று கேட்காமல் நமக்குப் பேச்சே தொடங்காது. அத்தையிடமும் கேட்டேன். "பூர்வீகம் ஸ்காட்லாந்து" என்றார். சரி, ஸ்காட்லாந்தில் எந்த ஊர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அப்பாவும் அதைத் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்பட்டார், தெரியாமலேயே போய்ச் சேர்ந்துட்டார்" என்றார். அந்தப் பதில் என்னை விடவே இல்லை. அப்படித் தொடங்கியது, ஆறு வருடம் ஆகிவிட்டது.

கையில் இருந்தவை இரண்டுதான். ஒன்று, அத்தையின் கொள்ளுத்தாத்தா கொண்டுவந்த கேலிக் மொழி பைபிள். இன்னொன்று, 1871-இல் இறந்த அவருடைய கல்லறைக் கல். அதில் "சதர்லாந்துசையர், ஃபார் திருச்சபைப் பகுதியைச் சேர்ந்தவர்" என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைப் படித்துக் கொடுத்தவர்களிடமிருந்து என் நன்றியைத் தொடங்குகிறேன். கல்லில் பாசி ஏறி எழுத்து மழுங்கிப் போயிருந்தது. எம்ப்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள வூட்ஸ்டாக்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், கல்லைச் சுரண்டவோ சாக்கட்டி தேய்க்கவோ விடாமல், சாயங்காலம் வரை எங்களைக் காத்திருக்க வைத்தார். வெயில் சாய்ந்ததும் ஒரு நிலைக்கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைக் கல்லின் மேல் படரவிட்டார். ஒவ்வொரு எழுத்தும் நிழல் கட்டி எழுந்து நின்றது. ஃபார் என்ற அந்தச் சின்னச் சொல் தெரிந்தபோது என் கணவர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அய்யா, நீங்கள் அதற்கு முன்பே எங்களை ஒரு பெரிய தப்பிலிருந்து காப்பாற்றியிருக்கிறீர்கள். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் நாங்கள் ஓரிடத்தில் பணம் கட்டி ஒரு வம்சாவளி வாங்கினோம். அது அத்தையின் குடும்பத்தை நேரே மக்கே குலத்தின் தலைவர்களான ரே பிரபுக்களின் பரம்பரையில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. பார்க்க அழகாக இருந்தது, சட்டம் போட்டு மாட்டவும் செய்தோம். அதில் கொள்ளுத்தாத்தா என்று காட்டியிருந்த மனிதர் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனைவி மக்களோடு ஸ்காட்லாந்திலேயே இருக்கிறார் என்று நீங்கள்தான் எடுத்துக் காட்டினீர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவோ அதற்கு ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன்பே ஸோராவில் காடு வெட்டிக்கொண்டிருந்தவர். தைவானுக்குப் போய் ஊழியம் செய்த ஜார்ஜ் லெஸ்லி மக்கே 1844-இல் இதே ஸோராவில் பிறந்தவர் என்பதால், அவர் நமக்குச் சொந்தம் என்ற பேச்சும் வீட்டில் உண்டு. அதற்கும் ஆதாரம் இல்லை என்று அத்தை மனம் நோகாமல் நீங்கள் சொன்ன விதம் எனக்கு மறக்காது.

ஃபார் என்று தெரிந்துவிட்டதே, இனி சுலபம் என்று நினைத்தோம். அங்கேதான் முட்டிக்கொண்டோம். ஸ்காட்லாந்தின் வடக்குக் கோடியில் உள்ள அந்தப் பகுதிக்கே மக்கே நாடு என்றுதான் பெயர். ஊர் முழுக்க மக்கே. ஆண்பிள்ளைகளுக்கு வைப்பதும் அதே ஏழெட்டுப் பெயர்தான். ஊருக்குள் இன்னார் மகன், அவர் இன்னார் மகன் என்று அடுக்கிச் சொல்லித்தான் ஆளைப் பிரித்திருக்கிறார்கள். நம் இனிஷியல் மாதிரிதான், ஆனால் பதிவேட்டில் அது ஏறவில்லை. கனடாப் பக்கமும் உதவி இல்லை. 1865-க்கு முன்னால் அங்கே வந்த கப்பல்களுக்கு முறையான பயணிகள் பட்டியல் கிடையாது. ஒன்டாரியோவில் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியதே 1869-இல். கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவு கிடைத்தது, ஆனால் அந்தக் காலப் படிவத்தில் பெற்றோர் பெயருக்கு இடமே இல்லை.

அப்போதுதான் டொராண்டோ நூலகத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்தார். நம்மவர், யாழ்ப்பாணத்துக்காரர். பைபிளின் முதல் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஸ்காட்லாந்துக்காரர்கள் பெயர் வைக்கும் வழக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா, அடுத்த மகளுக்கு அப்பாவின் அம்மா. தாத்தா ஹியூ என்றால் பேத்திக்குக்கூட ஹியூகினா என்று வைத்துவிடுவார்களாம். "நாம பேரன்னு சொல்றதே பெயரன்தானே, தாத்தா பெயரைத் தாங்குறவன்" என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் என் தம்பிக்கு எங்கள் ஐயா, அதாவது தாத்தா பெயர்தான். எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன், அதற்குள் ஒரு பதிவேடு இருப்பது தெரியாமல் போயிற்றே! அக்கா, அந்தத் தாள் இன்னும் பைபிளுக்குள்தான் இருக்கிறது. மூத்த மகன் பெயரையும் இரண்டாவது மகள் பெயரையும் வைத்து, கொள்ளுத்தாத்தாவின் அப்பா அம்மா பெயர் இதுவாக இருக்கலாம் என்று முதல் முறையாக ஒரு பிடி கிடைத்தது.

பிடிதான், ஆதாரம் இல்லை. ஆதாரம் எடின்பரோவில் கிடைத்தது. அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்த மதுரைப் பெண், என் சித்தி மகளின் தோழி, எங்களுக்காகப் பதிவாளர் மாளிகைக்குப் போய் வந்தாள். ராபர்ட் மேத்தசன் வடிவமைத்த புதிய பதிவாளர் மாளிகை அது. குவிமாடத்துக்குக் கீழே சுவர் முழுக்கத் தொகுதிகள், பிறப்புக்குச் சிவப்பு, இறப்புக்குக் கறுப்பு, திருமணத்துக்குப் பச்சை என்று அவள் போனில் வர்ணித்ததை அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அங்கே ஓர் ஊழியர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாராம்: "கப்பல் ஏறிப் போனவரைத் தேடாதீர்கள். போகாமல் இருந்தவரைத் தேடுங்கள்."

அந்த ஒரு யோசனைதான் எல்லாவற்றையும் திறந்தது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவு கட்டாயம். அங்கே இறப்புச் சான்றிதழில் அப்பா பெயரோடு அம்மாவின் பெயரும், கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு இருக்கும். கல்யாணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரை விடாமல் பதிவார்கள். ஆக, கொள்ளுத்தாத்தாவோடு பிறந்தவர் யாராவது ஊரிலேயே தங்கி 1855-க்குப் பிறகு இறந்திருந்தால் போதும். ஒரு அக்கா இருந்தார். அவரைக் கண்டுபிடிக்க அந்தப் பெண் நான்கு சனிக்கிழமைகளைச் செலவழித்தாள். 1841 கணக்கெடுப்பில் 30 வயது, 1851-இல் 44 வயது என்று வந்ததால் இரண்டு வேறு ஆட்கள் என்று முதலில் ஒதுக்கிவிட்டோம். 1841-இல் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள் என்று அதே ஊழியர் விளக்கிய பிறகுதான், 34 வயதுக்காரி 30 ஆனது புரிந்தது. அக்காவின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பதிவு ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தபோது சதர்லாந்து மக்கள் பெரும்பாலும் புதிய சுதந்திரத் திருச்சபைக்குப் போய்விட்டார்கள், பழைய பதிவேட்டில் அவர்கள் இல்லை.

கறுப்புத் தொகுதியில், 1863. அக்காவின் இறப்பு. அப்பா பெயரும் அம்மா பெயரும் நாங்கள் தாளில் எழுதி வைத்திருந்த அதே இரண்டு பெயர்கள். தகவல் தந்த மகனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி, அதில் ஒரு கோடு பாதியில் மை தீர்ந்து மெலிந்திருக்கிறது. அந்தப் படம் போனில் வந்தபோது இங்கே விடியற்காலை நாலரை மணி. நான் அத்தையை எழுப்பிவிட்டேன்.

பெற்றோர் பெயர் உறுதியானதும் ஃபார் பகுதியின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் மொத்தக் குடும்பமும் வரிசையாக வந்தது. 1806-இல் அக்கா, 1808-இல் கொள்ளுத்தாத்தா, 1811, 1816-இல் தம்பிகள். நால்வருக்கும் வசிப்பிடம் ஒரே சொல், அக்கன்லாக்கி. கடைசிக் குழந்தை 1821. வசிப்பிடம் ஆர்மடேல், கடற்கரை.

இரண்டு வரிகளுக்கு இடையில் ஐந்து வருடம், நடுவில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் என்ன நடந்தது என்பது ஸ்காட்லாந்து முழுக்கத் தெரிந்த கதை. 1814-இல் ஒரு முறையும், பிறகு இந்த ஐந்து வருடத்துக்குள் 1819-இல் மறுபடியும், அக்கன்லாக்கி இருந்த ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலிருந்து குடியானவர்களை வெளியேற்றி, அந்த நிலத்தைச் செம்மறியாட்டுப் பண்ணைகளாக மாற்றினார்கள். நிலம் சதர்லாந்து சீமாட்டி எலிசபெத்துக்குச் சொந்தம். வீடுகளின் கூரைக்குத் தீ வைத்தார்கள். அவருடைய நிர்வாகிகளில் ஒருவரான பாட்ரிக் செல்லார் மீது 1816-இல் இன்வெர்னஸில் வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். வெளியேறியவர்களுக்குக் கடலோரத்தில் துண்டு நிலம் கொடுத்து, மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாடு வளர்த்துப் பழகியவர்கள் அவர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா அப்போது சிறு பையன். வளர்ந்து இருபத்துநாலு வயதில் அவர் ஏன் கப்பல் ஏறினார் என்று இனி யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நன்றி கனடாவின் கிழக்கே கேப் பிரெட்டன் தீவில் கேலிக் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்கு. பைபிளில் பிள்ளைகள் பட்டியலுக்கு மேலே மங்கிய மையில் தனியாக ஒரு சொல் இருந்தது. அது யாரோ இறந்துபோன குழந்தையின் பெயர் என்று மூன்று தலைமுறையாக நம்பி வந்தார்கள். பதிவேட்டில் ஊர்ப்பெயர் கிடைத்த பிறகு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினோம். காதில் கேட்டபடி எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள், ஆள் பெயர் இல்லை, அக் என்று தொடங்கினால் வயல் என்று பொருள், இது ஊர்ப்பெயர் என்று எழுதினீர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதுவயல் இருக்கிறது. விலாசம் வீட்டிலேயே, அலமாரியில், துணி சுற்றி வைத்த புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. கொள்ளுத்தாத்தா எழுதித்தான் வைத்திருக்கிறார். படிக்கத்தான் எங்களுக்கு ஆள் தேவைப்பட்டது.

அப்புறம், ஃபார் பகுதியில் பெட்டிஹில் என்ற ஊரில் இருக்கும் ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகத்தின் தன்னார்வலருக்கு. அந்த அருங்காட்சியகம் இருப்பதே ஃபார் பகுதியின் பழைய தேவாலயக் கட்டடத்தில்தான். போன செப்டம்பரில் நானும் கணவரும் போனோம். நீங்கள் மழையங்கி மாட்டிக்கொண்டு எங்களோடு அக்கன்லாக்கி வரை நடந்து வந்தீர்கள். முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசை, வீடு இருந்த இடத்தில் மட்டும் புல் வேறு பச்சை. மனிதரும் மாடும் இருந்து உரம் ஏறிய மண், இருநூறு வருடமாகியும் அப்படித்தான் இருக்கும் என்றீர்கள். வாசல் இருந்த இடைவெளியில் நிற்கச் சொன்னீர்கள். அங்கிருந்து பார்த்தால் நேரே ஏரி. என் கணவர் ஒரு கூழாங்கல்லை எடுக்கக் குனிந்தபோது, இங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று மென்மையாகத் தடுத்துவிட்டு, உங்கள் பையிலிருந்து வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, அந்த வீட்டைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தீர்கள். எந்த வீடு என்று உறுதி இல்லை, ஏழெட்டில் ஒன்று என்று சேர்த்தே சொன்னீர்கள். அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

வரைபடம் இப்போது அத்தை கட்டிலுக்கு எதிரே, முன்பு அந்தப் பொய் வம்சாவளி தொங்கிய ஆணியில் இருக்கிறது. ஊர்ப்பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேப் பிரெட்டன் ஆசிரியை பேசிப் பதிந்து அனுப்பியதை அத்தை காலையில் காப்பி குடிக்கும்போது போட்டுக் கேட்கிறார். நடுவில் வரும் அந்தத் தொண்டை ஒலி அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. விடாமல் சொல்லிப் பார்க்கிறார். போன வாரம் என் அம்மா இந்தியாவிலிருந்து வீடியோவில் வந்து வழக்கம்போல நலம் விசாரித்தார். அத்தை நான் மொழிபெயர்க்கும் வரை காத்திருக்காமல், "என் ஊர் அக்கன்லாக்கி" என்றார்.

பைபிளின் அந்தப் பக்கத்தையும், கல்லறைக் கல்லின் படத்தையும் அருங்காட்சியகத்துக்கும் வூட்ஸ்டாக் அய்யாவுக்கும் அனுப்பிவிட்டோம். ஆர்மடேலில் தங்கிவிட்ட அக்காவின் வழியிலும், 1811-இலும் 1816-இலும் பிறந்த தம்பிகள் வழியிலும் வந்தவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். யாராவது விசாரித்து வந்தால் எங்களைக் காட்டிவிடுங்கள். அத்தை பார்க்க ஆசைப்படுகிறார்.

நன்றியுடன்,
மருமகள்