பையை இறக்கி வைக்காத பிள்ளை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், வீடு பகலெல்லாம் வெறிச்சென்று கிடக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலைப் பராமரிப்பு மையம் தொடங்கி மூன்று மாதம், 22 பிள்ளைகள், பார்த்துக்கொள்ள நீ ஒருத்திதான், உதவிக்கு யாரிடம் போய் நிற்பது என்று கேட்டிருக்கிறாய். என் மையம் தொடங்கிய முதல் வருடம் நானும் அப்படித்தான் அலைந்தேன். கண்ணில் பட்ட அமைப்புகளுக்கெல்லாம் ‘உதவி தேவை’ என்று ஒரே கடிதத்தை அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. எது வேண்டும் என்று எனக்கே தெரியாதபோது அவர்கள் எதைத் தருவார்கள்?

எனக்கு அதைப் புரிய வைத்தவன் ஏழு வயதுப் பையன். வந்ததும் சுவரோரம் உட்காருவான், புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டான். நாங்களோ வந்த கையோடு எல்லோரையும் வீட்டுப்பாடம் எழுத உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். என்னோடு வேலை பார்த்த பெண் ஒருநாள் அவன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிடம் போயிருக்கும். “அக்கா, இன்னிக்கும் உடனே எழுதணுமா?” என்று கேட்டான். மறுநாளிலிருந்து முதல் அரை மணி நேரம் பாடம் கிடையாது என்று மாற்றினோம். தண்ணீர், சாப்பிட ஏதாவது, அப்புறம் ஓடலாம், வெறுமனே படுத்தும் கிடக்கலாம். நான்காம் நாள் அவன் பை ஆணியில் தொங்கியது.

அவள் இதையெல்லாம் நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அடுத்த விண்ணப்பத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த அரை மணி நேரமும் அதற்குப் பிறகும் பிள்ளைகளோடு இருக்க இன்னொரு ஆள், அவருக்கு ஒரு வருடச் சம்பளம். நோட்டிலிருந்து நான்கு பக்கங்களையும் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு இணைத்தேன். பணம் வந்தது.

ஆகவே நீயும் முதலில் ஆளைக் கேள். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான இடங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 15 பேருக்கு ஒரு பராமரிப்பாளராவது இருக்க வேண்டும் என்பது விதி. 22 பேருக்கு நீ ஒருத்தி என்றால், ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் மற்ற 21 பேரை யார் பார்ப்பது? பொம்மை கொடுக்க நிறையப் பேர் வருவார்கள், சம்பளம் கொடுக்க வருவது அபூர்வம். ஆனால் பிள்ளைக்கு நேற்றிருந்த அக்கா இன்றும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் பிள்ளைகள் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள், இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொருளைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. சைமன் நிக்கல்சன் என்ற சிற்பி 1971லேயே எழுதியிருக்கிறார்: பிள்ளைகள் நகர்த்தி, அடுக்கி, மாற்றக்கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அவர்கள் புதிதாக யோசிக்கிறார்கள் என்று. அட்டைப் பெட்டி, கயிறு, பழைய துணி போதும். இடத்துக்குப் பக்கத்துப் பள்ளியையும் நூலகத்தையும் கேட்டுப் பார், மாலையில் காலியாகக் கிடக்கும் அறை ஒன்றாவது இருக்கும். ஆசிரியர் பயிற்சி மாணவர்களையும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் கூப்பிடலாம். யார் வந்தாலும் அவர்களைப் பற்றி நன்றாக விசாரித்துக்கொள். யாரையும் ஒரு பிள்ளையோடு தனியாக விடாதே. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

தரம் பார்க்க ‘சாக்கர்ஸ்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. பள்ளி வயதுப் பராமரிப்புக்கென்றே 1996ல் வந்தது. இடம், பாதுகாப்பு, செயல்பாடுகள், பிள்ளைகளோடு பேசும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஆஸ்திரேலியாவின் ‘மை டைம், அவர் பிளேஸ்’ வழிகாட்டியை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதில் விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் கொடுத்திருக்கும் மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

பணம் தருகிறவர்கள் “பிள்ளைகளின் பரீட்சை மதிப்பெண் கூடுமா?” என்று கட்டாயம் கேட்பார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியாமல் திணறிய நாள் உண்டு. டர்லாக், வைஸ்பெர்க், பச்சான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல மையங்களின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010ல் எழுதியதைச் சொல். பிள்ளைகளுக்கு எந்தத் திறனைக் கற்றுத்தருகிறோம் என்று தெளிவாக வைத்துக்கொண்டு, படிப்படியாக, செய்ய வைத்து, அதற்கென்று நேரம் ஒதுக்கிய மையங்களில் நடத்தையிலும் படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. அப்படிச் செய்யாத மையங்களில் தெரியவில்லை. அதனால் வெறுமனே மையம் நடத்துகிறோம் என்று சொன்னால் போதாது, இந்த மாதம் என்ன கற்றுத்தருகிறோம் என்பதையும் எழுதிக் கொடு.

அந்த நோட்டின் நகலை அடுத்த வாரம் அனுப்புகிறேன். கையெழுத்து என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண்ணுடையது, கொஞ்சம் கிறுக்கலாக இருக்கும். உன் மையத்தில் பையை இறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி