சுகர் இருக்கவங்க காலையும் கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மெடிக்கல்ல வேலை பாக்குறேன். மேட்டூர் தண்ணி வந்து குறுவை நடவு ஆரம்பிச்சிட்டா கடைக்கு வர்றவங்க நிறைய பேரு காலை காட்டிக்கிட்டுதான் வருவாங்க, சேத்துப்புண்ணு, நத்தை ஓடு கிழிச்சது, கருவ முள்ளு, காலாணின்னு. இதுல சுகர் இருக்கவங்கள பாத்தாதான் எனக்கு பயம். ஏன்னா அவங்கள்ல நிறைய பேருக்கு காலு மரத்துப்போய் வலிக்காது.

இப்பகூட ஒரு அத்தை, நடவுக்கு போறவங்க, காலாணி மேல ஒட்டுற கார்ன் கேப் கேட்டு வந்தாங்க. காலை பாத்தா ஆணிய சுத்தி பிளேடால சீவி வச்சிருக்காங்க, ஓரத்துல ரத்தம் காஞ்சு கறுத்துப் போய் கெடக்கு. வலிக்கலையா அத்தைன்னா, "மரத்துப்போய் ரொம்ப நாளாச்சுப்பா"ங்குறாங்க. கார்ன் கேப்ல இருக்கது சாலிசிலிக் ஆசிட், ஆணியோட சேத்து பக்கத்துல இருக்க நல்ல தோலையும் அரிச்சிடும், மரத்த கால்ல அத ஒட்டிக்கிட்டு சேத்துல எறங்கினா புண்ணு ஆழமாப் போறதே தெரியாது. தரமாட்டேன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்குறாங்க, பிரஷர் பாக்குறாங்க, மாத்திரை தர்றாங்க. 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்தால மாத்திரை வீட்டுக்கே வருது, அது பெரிய உதவி. பாதம் பாதுகாப்போம்னு ஒரு திட்டமும் அரசு கொண்டுவந்துச்சு. ஆனா எங்க பக்கத்து ஜனங்கள கேட்டா, செருப்ப கழட்டுங்கன்னு யாரும் சொன்னதில்லைங்குறாங்க.

இத்தனைக்கும் இதுக்கு பெரிய மிஷின் எதுவும் வேணாம். மோனோஃபிலமென்ட்னு ஒண்ணு இருக்கு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். கண்ணை மூடச் சொல்லி பாதத்துல அங்கங்க அது வளையுற வரைக்கும் வச்சு அழுத்தணும், 10 கிராம் அழுத்தம், அது தெரியலைன்னா காலு மரத்துப்போச்சுன்னு அர்த்தம். கூட, அதிர்வு கால்ல தெரியுதான்னு பாக்க ஒரு 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க், தடிச்ச நகத்தை வெட்ட நல்ல நிப்பர், அத சும்மா கொதிக்க வைக்கிறதோட விடாம முறையா ஸ்டெரிலைஸ் பண்ண, நீராவி அழுத்தத்துல கிருமிய கொல்ற ஒரு ஆட்டோகிளேவ். நர்ஸம்மாவுக்கு கத்துக்கொடுத்தா அவங்களே பாத்துடுவாங்க.

ஜெர்மனியில பாதத்தை கவனிக்குறதுக்குன்னே தனி படிப்பு இருக்கு, 2002-லேர்ந்து சட்டமே இருக்கு, முழுநேரமா ரெண்டு வருஷம் படிக்கணும். சுகரால காலு பாதிச்சவங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தா ஆணி சீவுறது, நகம் வெட்டுறதுக்கெல்லாம் அங்க இன்ஷூரன்ஸ் காசு கொடுக்குது. ரொம்ப தூரம் போவானேன், நம்ம வேலூர்லயே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிங்க காலை வச்சு, உணர்ச்சி போறதாலதான் புண்ணு வருது, காலை காப்பாத்தலாம்னு அப்பவே காட்டிட்டாரு. அங்க தொழுநோயாளிங்களுக்குக் கொடுத்த, மெத்துன்னு ரப்பர் வச்ச எம்சிஆர் செருப்பு இன்னிக்கும் சுகர்காரங்களுக்கு எழுதிக் கொடுக்குறாங்க. ஆனா அத போட்டுக்கிட்டு நாத்து நட முடியாது, அதனாலதான் எங்க ஊருக்கு இந்த செக்கப் இன்னும் அவசியம்.

டெல்டா முழுக்க ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் குறுவைக்கு முன்னாடி ஒரு தடவை, சம்பாவுக்கு முன்னாடி ஒரு தடவை சுகர்காரங்க காலை பாக்கணும். சாயந்தரம் வயல்லேர்ந்து வந்ததும் விரலிடுக்க துடைச்சு, அடிப்பாதத்தை வீட்ல ஒருத்தர பாக்கச் சொல்லணும், வலிக்குதேன்னு வெந்நீர்ல காலை வைக்கவே கூடாது. இத நீங்களும் படத்தோட பெரிய எழுத்துல உங்க பேப்பர்ல போடுங்க ஐயா, டீக்கடையில ஒருத்தர் படிச்சா பத்து பேரு காதுல விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர் மாவட்டம்