ரிச்சி தெரு பெரியவருக்கு நன்றி

பழைய ஸ்டீரியோ செட்டைச் சரிசெய்ய கண்டென்சர் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது, கடை வாசலில் தானாகப் பேச்சுக் கொடுத்த பெரியவருக்கு இந்தப் பதிவு. பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள், ஐயா.

என்னுடையது மராண்ட்ஸ் 2230. 1970களின் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த செட்), சேனலுக்கு 30 வாட். அமெரிக்க செட் என்றதும், "120 வோல்ட் தம்பி, நம்ம 230 வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம தொடாதீங்க" என்றீர்கள். அப்புறம் பவர் சப்ளை கண்டென்சர்களை முதலில் மாற்றச் சொன்னீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, ஒரு குண்டு பல்பை செட்டோடு சீரிஸில் (தொடர் இணைப்பில்) போட்டு ஆன் செய்யச் சொன்னது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு விடாமல் பிரகாசமாக எரியும், செட் தப்பிக்கும். என்னுடையதில் பளிச்சென்று மின்னி மங்கிவிட்டது. அப்பாடா!

வால்யூம் கரகரப்பு கான்டாக்ட் கிளீனரிலேயே போய்விட்டது. டயல் விளக்குகளில் ஒன்று மட்டும் எரியவில்லை, அது கிடக்கட்டும். அடுத்த முறை பார்த்தால் டீ என் செலவு.