அட்டைக்கு ஒரு படம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. மகளுக்குப் புது வேலை கிடைத்த சேதியைப் போய் கடைசி வரியில் எழுதுவாயா? இங்கே எல்லாரும் சுகம், உட்காரத்தான் நேரமில்லை. எனக்கு ஆபீஸில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் அமளி, பிள்ளைகளுக்குப் பரீட்சை. இதற்கு நடுவில் குடும்பப் படம் போட்ட வாழ்த்து அட்டை வேலை வேறு.

"இத்தனை வேலையில் அட்டை எதற்கு?" என்று கேட்டிருந்தாய். அட்டையே வேலை மிகுதியில் பிறந்ததுதானடி! 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு, பண்டிகைக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரைந்து வாங்கி ஆயிரம் பிரதி அச்சடித்துவிட்டார். அச்சில் வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதிலும் நடுவில் ஒரு குடும்பம்தான். குழந்தைக்கு ஒயின் புகட்டுவதுபோல வரைந்திருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். குடும்பப் படமென்றால் குழந்தையால் வம்பு வருவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

எங்கள் வீட்டில் எல்லாரையும் ஒரே நிற உடையில் வரிசையாக நிறுத்துவதை விட்டுவிட்டேன். சின்னவன் கேமராவைக் கண்டால் பல்லைக் காட்டுவான், அதற்குப் பெயர் சிரிப்பு இல்லை. மாமியார் க்ளிக் சத்தத்துக்கென்றே காத்திருந்து கண்ணை மூடுவார். அதனால் இந்த வருஷம் போனில் கிடந்த படங்களிலிருந்தே ஒன்றை எடுத்தேன். ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து படப்புதிர் சேர்க்கிறார்கள். மாமியார் கையில் ஒரு துண்டு. அது தனக்குத்தான் என்று சின்னவன் அவர் முழங்கையைப் பிடித்து இழுக்கிறான். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பாதி முகம்தான் விழுந்திருக்கிறது, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "அம்மா இல்லாத குடும்பப் படமா?" என்று மகள் என் படத்தைச் சின்னதாகப் பின்பக்கத்தில் சேர்த்துவிட்டாள். படம் எடுக்கிறவளுக்கு எப்போதும் பின்பக்கம்தான்.

நீயும் செய்வதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை அச்சுக்குக் கொடுத்துவிடாதே. அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்தவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல். 5க்கு 7 அங்குல அட்டை தெளிவாக வர 1500க்கு 2100 பிக்சல் இருந்தால் நல்லது. ஓரத்தில் வெட்டுக்கென்று சுற்றிலும் 3 மில்லிமீட்டர் போகும், முகங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வை. போன் திரை தானாக ஒளிர்வதால் அங்கே பளிச்சென்று இருப்பது காகிதத்தில் மங்கித் தெரியும். ஒரு மாதிரி அச்சடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல். பின்பக்கம் மட்டும் பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம், பேனா மை ஒட்டாமல் ஈஷிக்கொள்ளும். அங்கேதானே நான் உனக்கு நாலு வரி எழுதப்போகிறேன். அச்சடித்த வாழ்த்தை யார் படிக்கிறார்கள்?

வீடு மாறியதாக எழுதியிருக்கிறாய், கதவு எண்ணை எழுதவில்லை. உடனே அனுப்பு. அப்படியே உங்கள் படம் ஒன்றும். பழசானாலும் பரவாயில்லை, நீ அதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி