விடியற்காலை நாலரை மணி ரெக்கார்டு

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். முந்தாநாள் ராத்திரி இரண்டரை மணிக்கு நீ போன் செய்தபோது தூக்கக் கலக்கத்தில் "சரிம்மா, விடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் சொல்ல நினைத்ததில் பாதி மறந்துவிடுகிறது. அதனால் பேப்பரில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி, நீ டிஜேயாகப் பாட்டுப் போடும் பப்பில், இருபது நிமிடம் உனக்குப் பிடித்ததைப் போட்டாய். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலிக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் வந்து காதில் ஏதோ சொன்னார். நீ குத்துப் பாட்டுக்கு மாறினாய், எல்லோரும் எழுந்து வந்தார்கள், உனக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்க கேக்கறதையே போடறதுக்கு நான் எதுக்குப்பா? ஒரு போன் போதுமே" என்றாய்.

எனக்கும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1983, வைகாசி மாதம். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கல்யாணம். நான் வேலை பார்த்த மைக் செட் முதலாளி முதல் தடவையாக செட்டை முழுசாக என் பொறுப்பில் விட்டு அனுப்பினார். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், நாலு ஸ்பீடு ரெக்கார்டு பிளேயர், டிரங்குப் பெட்டி நிறைய ரெக்கார்டு. குழாய்கள் இரண்டையும் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டினேன். பெட்டியில் முதலாளிக்குத் தெரியாமல் என் சொந்த ரெக்கார்டு ஒன்றும் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் பதினைந்து ரூபாய்க்கு வாங்கியது, நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம். 78 ஸ்பீடு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓடும், அப்புறம் திருப்பிப் போட வேண்டும். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. ஊரே அதைக் கேட்க வேண்டும் என்று துடித்தேன்.

ராத்திரி ஏழரை மணி. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் பந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். புதுப் படப் பாட்டு கேட்டுத் துண்டுச் சீட்டு வருகிறது, சிலதில் ஒரு ரூபாய் நோட்டும் மடித்திருக்கிறது. நான் தோடியைப் போட்டேன்.

முதல் பக்கம்கூட முடியவில்லை, குழாய் ஊமையாகிவிட்டது. ஃப்யூஸ் என்று நினைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிகிறது. டார்ச் அடித்துக்கொண்டு ஒயரைப் பிடித்தபடியே நடந்தேன். கிணற்றடியில் அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் வந்தார். திட்டவில்லை. "தம்பி, உன் கல்யாணத்துல இதைப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, அவர்கள் கேட்ட பாட்டைப் போட்டேன். கை நடுங்கியது. காது இல்லாத ஜனம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தத்துக்காக செட்டைத் திரும்பப் போட வேண்டும். வழக்கம்போல முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் இரண்டு பிள்ளையார் பாட்டு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பேசத் தெம்பில்லாத நேரம். வீம்புக்குத்தான் அந்த ரெக்கார்டைத் திரும்ப எடுத்தேன், சத்தத்தை மட்டும் கால்வாசியாகக் குறைத்து வைத்தேன்.

யாரும் ஒயரை வெட்டவில்லை. பம்ப் செட்டில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஒரு பெரியவர், சுருட்டி வைத்திருந்த கயிற்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கம் முடிந்து முள் கடைசித் தடத்தில் சர்க், சர்க் என்று சுற்றியபோது, பேசாமல் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். திருப்பிப் போட்டேன். அது முடிந்ததும் "முதல்லேர்ந்து போடு தம்பி" என்றார். தலை நிமிர்ந்து பார்க்கிறேன், முந்தின ராத்திரி ஆட்டத்தில் முன்னால் நின்ற பையன், வாயில் வேப்பங்குச்சியோடு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். அவன்தான் வெட்டினானோ என்று எனக்கு அப்போதே சந்தேகம். அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே ஊர், அதே ஜனம், ஒன்பது மணி நேரம்தான் வித்தியாசம். ஏழரை மணிக்கு ஆட வந்தவர்களை நான் உட்கார்ந்து கேட்கச் சொன்னேன். தப்பு என்னுடையதுதான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

உன் இருபது நிமிடம் எத்தனை மணிக்கு? பதினொன்றரை என்றாய். ஒரு மணிக்கு மூடும் இடத்தில் பதினொன்றரைக்கு எல்லோரும் உச்சத்தில் இருப்பார்கள், பாப்பா. வாரம் பூராவும் ஆபீசில் அடைந்து கிடந்துவிட்டு, தெரிந்த வரியைச் சேர்ந்து கத்தலாம் என்று வந்தவர்கள். அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடு. ஒன்பது மணிக்கு ஒன்றிரண்டு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களே, அது உன் நேரம். வார்ம்-அப் என்று அதை மற்றவர்கள் தட்டிக் கழிப்பதாக நீயே சொல்லியிருக்கிறாய். கேட்டு வாங்கிக்கொள். நாலரை மணிப் பெண்கள் உனக்கு அங்கேதான் கிடைப்பார்கள்.

போன பொங்கலுக்கு, ஆற்றுத் திருவிழாக் கூட்டத்தில் சுருளிக்கிழங்கு வாங்கித் தின்றுகொண்டே நீ எனக்குச் சொன்ன இரண்டு கதைகளை இந்த இரண்டு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நியூயார்க் பிராங்க்ஸில் 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத்துணி வாங்க தங்கை நடத்திய விருந்தில் பாட்டுப் போட்ட கூல் ஹெர்க். ஜனம் பாட்டு முழுவதற்கும் ஆடவில்லை, பாடல் நின்று டிரம் மட்டும் வரும் சில விநாடிகளுக்காகக் காத்திருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தவர். ஒரே ரெக்கார்டில் இரண்டு காப்பி வாங்கி, இரண்டு டர்ன்டேபிளில் மாற்றி மாற்றி ஓட்டி அந்த இடத்தை நீட்டினார் என்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மனுஷனுக்குத் தன் ரசனை வேறு, ஆடுகிறவர்களின் கால் வேறு என்று இருக்கவில்லை. கால்களைப் பார்த்துத்தான் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ஹிப்-ஹாப் என்ற பாட்டு வகையே அதிலிருந்து கிளம்பியது என்கிறாய். ஒரே ரெக்கார்டை இரண்டாக வாங்க எங்கள் முதலாளியிடம் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று சிகாகோ கதை. மியூசிக் பாக்ஸ் என்ற கிளப்பில் ரான் ஹார்டி என்ற டிஜே ஒரு புது டேப்பை ஒரே ராத்திரியில் நாலு தடவை போட்டார், முதல் தடவை ஜனம் இறங்கிப் போய்விட்டது, நாலாவது தடவை வெறி பிடித்து ஆடியது என்று சொல்வார்கள் என்றாய். நீ அந்தக் கதையை நம்பித்தான் வெள்ளிக்கிழமை பிடிவாதமாக இருபது நிமிடம் ஓட்டினாய் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் முன்னால் நின்றது அவருடைய ஜனம், வாரா வாரம் அவருக்காகவே வந்தவர்கள். இந்த ஆள் போட்டால் ஏதோ விஷயம் இருக்கும் என்று காத்திருக்கப் பழகியவர்கள். உன் பப்பில் இந்த வாரம் வந்தவன் அடுத்த வாரம் வருவதில்லை. அந்த மேனேஜரிடமே ஒரு புதன்கிழமை ராத்திரியைக் கேள். சும்மா கிடக்கிற நாள்தானே, முப்பது பேர் வந்தால் போதும். ஆறு மாதம் விடாமல் செய். அப்புறம் நாலு தடவை என்ன, எட்டுத் தடவை போடு.

குத்துப் பாட்டிலிருந்து உன்னுடைய ஹவுஸ் என்ற மேல்நாட்டு ஆட்டப் பாட்டுக்கு மாறும்போது தாளம் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்டாயே, அதற்கு ஒன்று தோன்றுகிறது. குத்து ஆறுக்கு எட்டு, ஹவுஸ் நாலுக்கு நாலு என்று நீதான் விளக்கினாய். எங்கள் கணக்கில் அது திஸ்ரம், மும்மூன்றாக எண்ணுவது; இது சதுஸ்ரம், நந்நான்காக எண்ணுவது. பாடலீஸ்வரர் கோயில் தெருவில் சாமி புறப்பாட்டில் தவில்காரரைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? நடை மாற வேண்டும் என்றால் நல்ல வித்வான் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற மாட்டார். தீர்மானம் என்ற முத்தாய்ப்பு அடி ஒன்றை வைத்து, கூட்டமே தலையை ஆட்டும்படி முடித்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு அடுத்த நடையை எடுப்பார். நீயும் கலக்கப் பார்க்காதே. பாட்டை முழுசாக முடி. ஒரு நொடி அமைதி இருந்தால் ஜனம் ஓடிப்போய்விடாது. அடுத்து என்ன என்று உன் பக்கம் திரும்பும். செய்து பார்த்துவிட்டுச் சொல்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, அப்பா கூட்டத்தின் பக்கம் பேசுகிறார் என்று நினைத்துவிடாதே. அந்தப் பக்கமே முழுசாகச் சாய்ந்து கிடந்தவன் நான். நீ பிறந்த சமயம் சொந்தமாக செட் வாங்கிவிட்டேன். கேசட் வந்திருந்தது, அப்புறம் சிடி. ஆடி மாதம் முழுக்க எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, முகூர்த்த மாதத்தில் அந்த வருஷம் ஓடிய படங்களின் பாட்டு. கேட்டதைக் கொடுத்தேன், காசு வந்தது, வீடு கட்டினேன். நாலரை மணிக்குக்கூட யார் என்ன கேட்பார்களோ அதைத்தான் போட்டேன். சொந்தமாக ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக்கு வந்தால் ரேடியோவைக்கூடத் திருப்ப மாட்டேன். உன் அம்மா, "பாட்டுக்காரரைக் கட்டிக்கிட்டு இந்த வீட்ல ஒரு பாட்டு இல்ல" என்பாள். கிட்டத்தட்ட பதினைந்து வருஷம் நான் எதையும் கேட்கவில்லை, பாப்பா. ஓட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் வந்தபோது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். செட் வைத்திருந்த கொட்டகையின் தகரம் மூன்று தெரு தள்ளிக் கிடந்தது. டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர். நான் பாக்ஸ் ஸ்பீக்கர்களைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். நீதான் ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊறிப்போன அட்டையை உரித்து, அம்மாவின் பழைய நூல் புடவையால் துடைத்து, கயிற்றுக் கட்டிலில் வரிசையாகச் சாய்த்து வைத்தாய். தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை, உன் கைக்கே தெரிந்தது. அந்த 78-ஐத் தூக்கி, "இது ஏம்ப்பா இவ்ளோ கனம், இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாய். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கரண்ட் வர பதினைந்து நாளுக்கு மேல் ஆனது. அதற்குள் பழைய பிளேயரைக் கழற்றிக் காய வைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். லைட் எரிந்த அன்றைக்கு ராத்திரி தோடியைப் போட்டேன். கொரகொரவென்று இரைச்சல், அதற்கு அடியிலிருந்து அந்த நாதஸ்வரம் எழும்பி வந்தது. நீ என் தோளில் சாய்ந்து கேட்டாய். முடிந்ததும் கையைத் திருப்பிக் காட்டினாய், அந்தப் பெரியவர் காட்டிய மாதிரியே. உனக்கு அந்தக் கதை அப்போது தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு ராத்திரியில் பத்து நிமிடமாவது உன்னுடையதாக இருக்கட்டும். எந்தப் பத்து நிமிடம் என்று நீ பார்த்துப் பார்த்துக் கண்டுபிடி. ஆனால் இல்லாமல் விட்டுவிடாதே. விட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, காசும் வரும். எனக்குத் தெரியவே பதினைந்து வருஷம் ஆனது.

இன்னொன்று, காதில் அடைப்பான் போடுகிறாயா? என் இடது காது போனது குழாய்க்கு அடியிலேயே நின்றதால்தான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம், 100 என்றால் பதினைந்து நிமிடம்தான் என்று காது டாக்டர் கணக்கு எழுதிக் காட்டினார். உன் இடத்தில் 100-க்குக் குறைவாக இருக்காது. டிஜேக்களுக்கென்றே சத்தத்தை ஒரே சீராகக் குறைக்கும் அடைப்பான் விற்கிறதாம். விலை அதிகம் என்றாலும் வாங்கு, பணம் நான் போட்டுவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை பாண்டிச்சேரி ஹோட்டலில் போடுகிறாய் என்றாயே, நான் பஸ் ஏறி வருகிறேன். ஆட்டம் ஆரம்பிக்கும் முன், ஏழு மணிக்கு நீ பாக்ஸ் சரிபார்க்கிற நேரத்தில் வந்துவிடுவேன். தோடியை வேட்டியில் சுற்றி எடுத்து வருகிறேன். உன் டர்ன்டேபிளில் 78 ஸ்பீடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல். முள்ளும் வேறு வேண்டும், எல்பி (33 ஸ்பீடு ரெக்கார்டு) முள் மெல்லிசு, 78 தடத்தின் அடியில் போய் மண்ணை உரசும். இரண்டும் இல்லை என்றால் பழைய பிளேயரையே தூக்கி வந்துவிடுகிறேன். ரப்பர் சக்கரம் போன மாதம்தான் மாற்றினேன், நன்றாகச் சுற்றுகிறது.

அன்புடன்,
அப்பா